ஏழாம் பக்கத்து அஞ்சலி

காலை 8.40. தான் செத்துப்போன செய்தியை எழுத்தாளர் ஏழாம் பக்கத்தில் படித்தார்.

கறுப்புக் கட்டம். உள்ளே அவருடைய பழைய படம், தலையில் முடி இருந்த காலத்தில் எடுத்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘அஞ்சலி’. அறிவியல் கதை, மாயக்கதை, பேய்க்கதை ஆகிய மூன்று உலகங்களின் செய்திகளையும் சண்டைகளையும் மாதம் ஒருமுறை முப்பத்திரண்டு பக்கத்தில் கொண்டுவரும் பத்திரிகை அது. எந்த விண்கலக் கதைக்குப் பரிசு, எந்தத் தொடரில் டிராகன் மறுபடி உயிரோடு வந்தது என்பதெல்லாம் அதைப் படித்தால்தான் தெரியும். அதில் வருவது பொய்யாக இருக்காது என்று முப்பது வருடமாக நம்பிய எழுத்தாளர், முதல் வேலையாகத் தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

நாடி இருந்தது. ஆனால் அவருக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு இதய ஆபரேஷன். இன்று மாலை நான்கு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். துணிப்பை கட்டி வாசலில் வைத்தாயிற்று.

“நான் போகலை,” என்றார் மனைவியிடம். “நாளைக்கு நடக்கப்போறது இன்னைக்கே அச்சாகி வந்திருக்கு.”

“ஆபரேஷன் பண்ணலைன்னா மூணு மாசம்கூடத் தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரே, காதுல விழலையா?”

“விழுந்துச்சு. இதுவும் கண்ணுல விழுந்துடுச்சே.”

நாற்பது வருடம் பேய்க்கதை எழுதி ஊரையெல்லாம் பயமுறுத்திச் சம்பாதித்த மனிதர். அவருக்கு வைத்திருந்த செல்லப்பெயரே பேய்க்காரர். அந்தப் பேய்க்காரர் இப்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி அவரை அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருக்கோடிக் காவல் நிலையத்துக்கே வந்துவிட்டார்.

காலை 9.15. “கொலைன்னு எழுதிக்கோங்க மேடம்,” என்றார் எழுத்தாளர்.

“செத்தது யாரு?”

“நான்தான்.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எட்டு வருடமாக அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர் அவர். ஒவ்வொரு மாதமும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார். வேற்றுக்கிரகவாசிக்கு ஏழு கை என்று எழுதிவிட்டு, போலீஸ்காரர் ஒரே ஒரு விலங்கை மாட்டி அழைத்துப்போவதாக எழுதும் கதாசிரியரை அவரால் மன்னிக்கவே முடியாது. மேஜை டிராயரைத் திறந்து தன் பிரதியை எடுத்தார். அதில் ஏழாம் பக்கத்தில் அஞ்சலி இல்லை. விண்கலக் கதைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலும், அந்தப் பட்டியலை எரித்துவிடலாம் என்ற ஆசிரியரின் கருத்தும்தான் இருந்தன.

இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்தார். விரலால் தடவினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

“நடுவுல பின் அடிச்ச பத்திரிகை சார் இது. ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம். ஏழு, எட்டு, இருபத்தஞ்சு, இருபத்தாறு. உங்க பிரதியில அந்த ஒரு தாள் மட்டும் கொஞ்சம் வெள்ளையா, தடிமனா இருக்கு. பின்னைப் பிரிச்சு மறுபடி கையால மடிச்சிருக்காங்க. இருபத்தாறாம் பக்கத்துல என் கடிதம் அப்படியே இருக்கு. ஏழாம் பக்கம் மட்டும்தான் மாறியிருக்கு.”

“அப்படின்னா?” என்றார் மனைவி.

“அப்படின்னா இது அச்சுப்பிழை இல்லைம்மா. ஒரே ஒரு ஆள் படிக்கறதுக்காகச் செஞ்சது.”

எழுத்தாளருக்கு இன்னும் பயம் கூடியது. இன்ஸ்பெக்டர் அஞ்சலியைச் சத்தமாகப் படித்தார்.

“‘இவர் பேய்களைப் பற்றி எழுதினார் என்று நினைப்பவர்கள் இவரைப் படிக்காதவர்கள். பேச்சுத் துணைக்கு யாராவது வர மாட்டார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களைப் பற்றியே பன்னிரண்டு நாவல்களும் எழுதினார். லிஃப்ட் நாவலின் 88ஆம் பக்கத்தில், தனியாக ஏறிய விதவை கண்ணாடியில் இன்னொரு உருவத்தைப் பார்த்ததும் அலறவில்லை. தள்ளி நின்று இடம் விடுகிறாள். அந்த ஒரு வரிக்காகவே...’”

“அதுவும் தப்பு!” என்று குறுக்கே விழுந்தார் எழுத்தாளர். “எண்பத்தெட்டுல அந்தம்மா சமையலறையில பால் காய்ச்சறா. கண்ணாடி வர்றது தொண்ணூத்தாறுல. கொல்றவன் பக்க எண்ணையாவது சரிபார்த்துட்டுக் கொல்லக்கூடாதா?”

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

“சந்தேகம் என்ன சந்தேகம். அந்த விமர்சகர்தான்! இருபத்தாறு வருஷமா என் புத்தகம் ஒவ்வொண்ணையும் துவைச்சுக் காயப்போட்டவர். லிஃப்ட் நாவலுக்கு என்ன எழுதினார் தெரியுமா? நாற்பதாம் பக்கத்துலயே தூங்கிட்டாராம்.”

“நீங்க மட்டும் சும்மாவா இருந்தீங்க?” என்றார் மனைவி. “அந்தப் புத்தகத்துலதானே அவரைத் திட்டி எட்டு பக்கம் முன்னுரை எழுதினீங்க? அச்சுக்குப் போற கடைசி நாள்ல ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்தீங்க. வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.” பிறகு இன்ஸ்பெக்டரிடம் குரலைத் தாழ்த்தினார். “யாருன்னு தெரியற வரைக்கும் இவர் நகர மாட்டாரு மேடம். நாலு மணிக்குப் போகலைன்னா டாக்டர் வேற தேதி எப்பக் குடுப்பாரோ தெரியாது. அதுவரைக்கும் இவர் இருக்கணும்.”

“மூணு மணிக்கு உங்க வீட்டுக்கு வரேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “பையைப் பிரிக்காம பார்த்துக்கோங்க.”

காலை 10.30. பத்திரிகை அலுவலகம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். இன்ஸ்பெக்டர் லிஃப்டில் ஏறிப்போனார். உள்ளே இரண்டு பெண்கள்: ஆசிரியரும், பக்கம் வடிவமைப்பவரும். அஞ்சலியைக் காட்டியதும் ஆசிரியருக்கு முகம் வெளுத்தது.

“அஞ்சலியெல்லாம் முன்கூட்டியே எழுதி வெச்சிருப்பீங்களாமே?”

“அறுபத்தஞ்சு வயசு தாண்டினவங்க எல்லாருக்கும் உண்டு மேடம். எல்லாப் பத்திரிகையிலயும் செய்யறதுதான். பீரோல கவர்ல ஒட்டி வெச்சிருப்போம். அவங்க யாருக்கும் தெரியாது.”

“அவரோட கவரை எடுங்க.”

கவர் ஒட்டியபடியே இருந்தது. பிரித்தால் உள்ளே ஆசிரியர் எழுதிய அஞ்சலி: பிறந்த வருடம், புத்தகப் பட்டியல், இலக்கிய உலகுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஏழாம் பக்கத்தில் வந்ததற்கும் இதற்கும் ஒரு வரிகூட ஒற்றுமை இல்லை.

“அவர் நாவலெல்லாம் படிச்சிருக்கீங்களா?”

ஆசிரியர் கூச்சப்பட்டார். “நான் தனியா இருக்கறவ மேடம். விண்கலக் கதை மட்டும்தான் படிப்பேன். பேய்க்கதை வந்தா அட்டையைக்கூடத் திருப்பி வெச்சுட்டு விமர்சகர் பக்கம் தள்ளிடுவேன்.”

வடிவமைக்கும் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. கம்ப்யூட்டரும் மாதிரிப் பிரதி எடுக்கும் பிரிண்டரும் அவள் மேஜையில்தான் இருக்கின்றன. பழி முதலில் தன் மேல்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

“கடைசியா என்ன அச்சாச்சுன்னு இந்த மெஷின்ல பார்க்கலாமா?”

பார்த்தார்கள். திங்கள்கிழமை மாலை 6.12. ஒரு தாள். இரண்டு பக்கமும்.

“அப்ப நீ எங்கம்மா இருந்தே?”

“அஞ்சரைக்கே கிளம்பிட்டேன் மேடம். பொண்ணுக்கு நீச்சல் வகுப்பு. நான் அங்கதான் உட்கார்ந்திருந்தேன், எல்லா அம்மாவும் பார்த்தாங்க.”

“நான் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் அச்சகத்துல,” என்றார் ஆசிரியர். “அட்டையில செவ்வாய் கிரகம் பச்சையா வந்திருந்தது. சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். கேட்டுப் பாருங்க, இன்னும் மறந்திருக்க மாட்டாங்க.”

“கதவைப் பூட்டிட்டு சாவியை எங்க வைப்பீங்க?”

“மீட்டர் பெட்டி மேல.”

“அது யாருக்கெல்லாம் தெரியும்?”

“பால் போடறவருக்குக்கூடத் தெரியும்,” என்றாள் அந்தப் பெண், பாவமாக.

இந்த ஊர் எழுத்தாளர்களுக்கான பிரதிகளைப் பெயர் எழுதிக் கதவோரம் அடுக்கிவைப்பது வழக்கம். செவ்வாய் மாலை வீட்டுக்குப் போகிற வழியில் அவள் ஒவ்வொரு வீட்டுத் தபால்பெட்டியிலும் போட்டுவிடுவாள். திங்கள் மாலை அந்த அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் தாளை மாற்றிவிட்டு மறுபடி வைக்க, ஐந்து நிமிடம் போதும்.

இன்ஸ்பெக்டரின் பார்வை சுவர் அலமாரிக்குப் போனது. வரிசையாக வெள்ளை அட்டைப் புத்தகங்கள். “இதெல்லாம் என்ன?”

“கடைக்கு வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே விமர்சனத்துக்குன்னு பதிப்பகம் ஒரு படி அனுப்புவாங்க. அட்டைப்படம் எல்லாம் இருக்காது. வெள்ளை அட்டைன்னு சொல்லுவோம். ஒரு புத்தகத்துக்கு ஒண்ணுதான் வரும். யார் எழுதறாங்களோ அவங்க படிச்சுட்டு இங்க வெச்சுடுவாங்க.”

காலை 11.20. கதவில் ஒரு கை பதிந்தது. பிறகு மூச்சு வந்தது. கடைசியாக, இன்ஸ்பெக்டர் வரச் சொல்லியிருந்த விமர்சகர் வந்தார். ஒல்லியான உடம்பு, சட்டையெல்லாம் வியர்வை. ஆசிரியர் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

“லிஃப்ட் ஓடலை,” என்றார் அவர், மூச்சு வாங்க.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து அதைக் குறித்துக்கொண்டார். நாற்காலியைக் காட்டினார்.

“அவர் மேல உங்களுக்குப் பகையா சார்?”

“பகை இல்லை. அபிப்பிராயம்.”

“பன்னிரண்டு நாவல். ஒண்ணுகூட நல்லா இல்லையா?”

“உயிரோட இருக்கறவங்களை நான் பாராட்டறதில்லை. பாராட்டினா அடுத்ததை அசட்டையா எழுதுவாங்க.”

“திங்கள்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?”

“வீட்டுல. தலைவலி.”

“யாராவது பார்த்தாங்களா?”

“தலைவலியையா?”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். “இதைப் படிச்சுட்டு அவர் ஆபரேஷனுக்குப் போக மாட்டேங்கறாரு.”

விமர்சகர் தண்ணீர் டம்ளரை மேஜையில் வைக்கப்போய் விளிம்பில் வைத்துவிட்டார். அது கீழே விழுந்தது. “போகலையா? ஏன்?”

“சகுனம்னு நினைக்கறாரு.”

“சகுனமா? அந்த ஆளா? பேயே இல்லைன்னு மேடைக்கு மேடை பேசினவர் ஆச்சே!” எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “நீங்க போலீஸ்தானே? தூக்கிட்டுப் போய்ச் சேர்க்கலாமே?”

“யார் போட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் நகருவாராம்.”

விமர்சகர் குனிந்து விழுந்த டம்ளரை எடுத்து மேஜையில் வைத்தார். வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பகல் 12.10. இன்ஸ்பெக்டர் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தார். ஒன்று கடைக்கு வந்த லிஃப்ட் நாவல். மற்றது அதே நாவலின் வெள்ளை அட்டைப் படி. அதன் முதுகு தேய்ந்து, மூலைகள் நாய்க்காதாக மடிந்திருந்தன. இரண்டிலும் ஒரே பக்கத்தைத் திறந்து பார்த்தார். பையில் போட்டுக்கொண்டார். 1.45க்கு எழுத்தாளரின் மனைவி போன் செய்தார்: அவர் பையிலிருந்து சட்டைகளை எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

பிற்பகல் 2.50. எழுத்தாளர் வீட்டு கேட்டுக்கு வெளியே விமர்சகர் நின்றிருந்தார். கை அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருந்தது. பட்டனைத் தொடவில்லை.

“எவ்வளவு நேரமா நிக்கறீங்க சார்?”

“மணி பார்க்கலை.”

“வாங்க. நானே அடிக்கறேன்.”

இன்ஸ்பெக்டர் அழைத்தபடி, கூடத்தில் ஆசிரியரும் அந்தப் பெண்ணும் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். விமர்சகரைப் பார்த்ததும் எழுத்தாளர் தலையணையை இன்னும் இறுக்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“செஞ்சது இவர்தான்.”

“நான்தான் சொன்னேனே!” எழுத்தாளர் எழுந்தேவிட்டார். “என் சாவைப் பார்க்க இவ்வளவு அவசரமா?”

“உட்காருங்க சார். நீங்களே துப்பைக் கையில குடுத்தீங்க, நான்தான் முதல்ல கவனிக்கலை. பக்க எண் தப்புன்னு திட்டினீங்க இல்லையா? பாருங்க.” இரண்டு புத்தகங்களையும் மேஜையில் திறந்து வைத்தார். “கடைப் புத்தகத்துல எண்பத்தெட்டாம் பக்கம், பால் காய்ச்சறாங்க. வெள்ளை அட்டையில எண்பத்தெட்டாம் பக்கம், லிஃப்ட் கண்ணாடி. நடுவுல எட்டு பக்க வித்தியாசம். கடைசி நாள்ல நீங்க ஓடிப்போய்க் குடுத்த முன்னுரை எட்டு பக்கம். அது வெள்ளை அட்டையில இல்லை. அதனால அஞ்சலி எழுதினவர் கடைப் புத்தகத்தைப் பார்த்து எழுதலை. இந்தப் படியைப் பார்த்து எழுதியிருக்காரு. ஊர்லயே இது ஒண்ணுதான். ஆசிரியர் பேய்க்கதையைத் தொட மாட்டாங்க. இந்தப் பொண்ணு வந்தது போன வருஷம், புத்தகம் வந்தது மூணு வருஷம் முன்னாடி. மிச்சம் ஒருத்தர்தான்.”

“அவர்தான் நாற்பதாம் பக்கத்துல தூங்கிட்டாரே,” என்றார் மனைவி.

“அப்படித்தான் எழுதினாரு. இந்தப் படியைப் பாருங்கம்மா. தூங்கினவர் படிச்ச புத்தகமா இது? கடைசிப் பக்கம் வரைக்கும் பென்சில் கோடு. இன்னொண்ணு. காலையில நான் லிஃப்ட்லதான் போனேன், அது நல்லாத்தான் ஓடுது. இவர் மூணு மாடி ஏறி வந்து, ஓடலைன்னாரு. ஏன் சார்?”

விமர்சகர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்த அத்தியாயத்தைப் படிச்சதுல இருந்து ஏற முடியலை. மூணு வருஷமா.”

எழுத்தாளரின் வாய் திறந்தபடியே இருந்தது. நாற்பது வருட வாழ்க்கையில் அவருக்கு இதைவிடப் பெரிய பரிசை யாரும் கொடுத்ததில்லை.

“கடைசியா ஒண்ணு,” என்றார் இன்ஸ்பெக்டர். “அஞ்சலின்னா என்னைக்குப் போனாரு, எப்படிப் போனாருன்னு முதல் வரியிலயே இருக்கும். இதுல தேதி இல்லை. இறந்தார்ங்கற வார்த்தையே ஒரு இடத்துலயும் இல்லை. உங்களைக் கொல்ல நினைச்சவர் அதை எழுதியிருப்பாரு. இவருக்கு அதை எழுதக் கை வரலை.”

“அப்புறம் ஏன்யா கறுப்புக் கட்டம் போட்டே?” என்றார் எழுத்தாளர். சத்தம் போட நினைத்தார், குரல் பாதியில் உடைந்தது.

“கடிதமாத்தான் எழுதினேன். பதினோரு தடவை.” விமர்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒவ்வொரு தடவையும் மூணாவது வரியில குறை சொல்ல ஆரம்பிச்சுடறேன். கை அப்படிப் பழகிடுச்சு. எனக்கு நல்லதை எழுத வர்றது அஞ்சலியில மட்டும்தான். ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். ஏதாவது ஆயிட்டா, நான் எழுதறதை ஊரே படிக்கும், நீங்க மட்டும் படிக்க மாட்டீங்க. அதைத் தாங்கிக்க முடியலை. படிச்சுட்டு சந்தோஷமாப் போவீங்கன்னு நினைச்சேன். நீங்க பயப்படுவீங்கன்னு சத்தியமாத் தோணலை. தப்புதான்.”

“பயப்பட மாட்டாங்களா பின்னே!” என்றார் மனைவி. கோபமாகத்தான் சொன்னார், ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

எழுத்தாளர் வெள்ளை அட்டைப் படியை எடுத்துப் புரட்டினார். பென்சில் கோடுகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்து: ‘அருமை.’ ‘இதை எப்படி யோசித்தான்?’ ‘படுபாவி.’ அவர் நெடுநேரம் படித்தார். மணி 3.15 ஆகிவிட்டது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

“முன்னுரையைப் படிச்சியா?” என்று கேட்டார் கடைசியில்.

“காசு குடுத்து வாங்கிப் படிச்சேன். எட்டு பக்கத்துல அஞ்சு பக்கம் நல்லா இருந்தது.”

“மிச்சம் மூணு?”

“நீளம்.”

எழுத்தாளர் சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலையணையை நாற்காலியில் போட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். “பையைக் கட்டும்மா. நேரமாச்சு.”

மாலை 3.55. ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு ஒருவர் வெளியே தங்க வேண்டும் என்றார்கள். மனைவிக்கு முதுகுவலி, தான் இருப்பதாக விமர்சகர் சொல்லிவிட்டார், யாரையும் கேட்கவில்லை. நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள்.

“நீங்க இவருக்கு என்ன வேணும் சார்?”

‘உறவு’ என்ற கட்டத்துக்கு மேல் விமர்சகரின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதிக் கொடுத்தார். நர்ஸ் வாங்கிப் படித்தாள்.

“வாசகர்னு போட்டிருக்கீங்க. அது உறவு இல்லையே சார். அண்ணன், தம்பி, மச்சான்னு ஏதாவது போடுங்க.” அடிப்பதற்காகப் பேனாவை எடுத்தாள்.

சக்கர நாற்காலியிலிருந்து எழுத்தாளர் கையை நீட்டி அவள் பேனாவைத் தடுத்தார்.

“அடிக்காதீங்கம்மா. நாற்பது வருஷமா நான் எழுதினதெல்லாம் இவருக்குத்தான். யாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

நர்ஸ் பேனாவை மூடிவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.